புதுவகை உணவும் புரத ஒவ்வாமையும்: தரவுத்தளங்கள் சொல்வது என்ன, சொல்லாதது என்ன?

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து வார்க்கப்படும் பெசரட்டு, பல வீடுகளின் வழக்கமான காலை உணவாகும். அதே பயறிலிருந்து பிரித்தெடுக்கப்படும் புரதத்தை ஐரோப்பிய ஒன்றியம் 'புதுவகை உணவு' என வகைப்படுத்தி, பாதுகாப்பு மதிப்பீட்டுக்குப் பின்னரே 2022-ஆம் ஆண்டில் அங்கு விற்பனைக்கு அனுமதித்தது.

சோயா, நிலக்கடலை, லூபின் பயறு, பிர்ச் மரத்தின் மகரந்தம் ஆகியவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இப்புரதமும் பாதிப்பை உண்டாக்கக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அளித்த கருத்துரையில் தெரிவித்திருந்தது. தலைமுறை தலைமுறையாக உண்ணப்பட்டு வரும் ஒரு பயறு குறித்து இத்தகைய எச்சரிக்கை எழுவதன் பின்னணியில், ஒவ்வாமைப் புரதங்களைத் தொகுத்து வைத்திருக்கும் தரவுத்தளங்களுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஒவ்வாமைப் புரதங்களின் பட்டியல்

உணவு ஒவ்வாமை பெரும்பாலும் புரதங்களாலேயே ஏற்படுகிறது. தீங்கற்ற ஒரு புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதி, 'ஐஜிஇ' எனப்படும் எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அப்புரதம் மீண்டும் உடலுக்குள் செல்லும்போது தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் ஆகியவை ஏற்படலாம். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தும் நேரலாம்.

இவ்வாறு ஒவ்வாமையை உண்டாக்குவதாக அறியப்பட்ட புரதங்களுக்கு, உலக சுகாதார நிறுவனமும் நோய் எதிர்ப்பியல் சங்கங்களின் பன்னாட்டு ஒன்றியமும் இணைந்து அமைத்த குழு பெயர் சூட்டுகிறது. தாவரத்தின் அறிவியல் பெயரைச் சுருக்கி எண் சேர்ப்பது இதன் முறையாகும். நிலக்கடலையின் புரதங்கள் 'அரா எச் 1', 'அரா எச் 2' என்றும், பாசிப்பயறின் புரதங்கள் 'விக் ஆர் 1' என்பது போன்றும் குறிக்கப்படுகின்றன. 'கம்பேர்', அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் உருவாக்கிய 'அலர்ஜன் ஆன்லைன்' ஆகியவை புதுவகை உணவுகளை மதிப்பிடுவதற்குப் பயன்படும் முக்கியத் தரவுத்தளங்களாகும்.

ஒப்பீடு நடைபெறும் முறை

புரதம் என்பது அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்ட சங்கிலி. புதிய புரதத்தின் வரிசையை 80 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதிகளாக எடுத்துக்கொண்டு, தரவுத்தளத்தில் உள்ள ஒவ்வொரு ஒவ்வாமைப் புரதத்துடனும் கணினி ஒப்பிடுகிறது. ஏதேனும் ஒரு பகுதியில் 35 சதவீதத்துக்கு மேல், அதாவது 80-இல் 28-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒற்றுமை இருந்தால், அப்புரதம் கூடுதல் ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், மரபணு மாற்றப்பட்ட தாவர உணவுகளுக்காக 2003-இல் வகுத்த வழிகாட்டுதல் இதுவாகும்.

கணினி ஒப்பீட்டுடன் ஆய்வு முடிவதில்லை. செரிமான நொதியான பெப்சினில் அப்புரதம் சிதைகிறதா என்பது பார்க்கப்படுகிறது. ஒற்றுமை தென்பட்டால், தொடர்புடைய ஒவ்வாமை உள்ளவர்களின் ரத்த ஊநீரில் உள்ள ஐஜிஇ அப்புரதத்துடன் பிணைகிறதா என்றும் சோதிக்கப்படுகிறது.

இச்சோதனையின் தேவையை உணர்த்திய நிகழ்வு 1996-இல் வெளியான ஆய்வாகும். கால்நடைத் தீவனத்தின் சத்தை உயர்த்துவதற்காக, பிரேசில் கொட்டையின் புரதம் ஒன்று மரபணு மாற்றத்தின் மூலம் சோயாவில் சேர்க்கப்பட்டது. பிரேசில் கொட்டைக்கு ஒவ்வாமை உள்ள 9 பேரின் ஊநீரைச் சோதித்தபோது, 8 பேரின் ஐஜிஇ அப்புரதத்துடன் பிணைந்தது. அந்தச் சோயா சந்தைக்கு வரும் முன்பே கைவிடப்பட்டது.

இந்தியாவில் நிலை

இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட உணவுகளின் பாதுகாப்பை மதிப்பிட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2008-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. புதுவகை உணவுகளுக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2017-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி முன் அனுமதி பெற வேண்டும்.

டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய 'டிஎம்எச்-11' கடுகில் உள்ள பார், பார்னேஸ், பார்ஸ்டார் ஆகிய மூன்று புரதங்களும் இத்தகைய ஒப்பீட்டுக்கு உட்படுத்தப்பட்டன. இக்கடுகைச் சுற்றுச்சூழலில் வெளியிட 2022-இல் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது. இது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலையில் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியது குறிப்பிடத்தக்கது.

அதேவேளையில், வழக்கமான கலப்பினப் பெருக்கத்தில் உருவாகும் ரகங்களுக்கு இந்த ஒப்பீடு கட்டாயமில்லை. திருப்பதி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'நாராயணி', 'தரணி' நிலக்கடலை ரகங்கள் அவ்வகையைச் சேர்ந்தவை. நெடுங்காலமாக உண்ணப்படும் பயிர் என்பதே இதற்குக் காரணம். எனினும் நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் எந்த ரகத்தையும் தவிர்க்க வேண்டும்.

எங்கே இடைவெளி?

புதிய புரதம், ஏற்கெனவே அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதத்தை ஒத்திருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே தரவுத்தளம் பதில் அளிக்கும். பட்டியலில் இடம்பெறாத ஒன்றை அது கண்டறியாது. பட்டியலோ, நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளிலிருந்து உருவாவது. அவற்றில் கணிசமானவை மேலை நாடுகளில் நடந்தவை.

பாசிப்பயறே இதற்குச் சான்று. அதன் 'விக் ஆர் 1' புரதம் பிர்ச் மகரந்தப் புரதத்தை ஒத்தது. பிர்ச் மரங்கள் நிறைந்த வட ஐரோப்பாவில் இந்த ஒற்றுமை மருத்துவ முக்கியத்துவம் பெறுகிறது. அம்மரங்கள் இல்லாத சித்தூரில் அதன் பொருள் வேறு. மறுபுறம், கொண்டைக்கடலை, கத்திரிக்காய் போன்றவற்றால் ஏற்படும் ஒவ்வாமை குறித்து இந்திய ஆய்வுகள் வெளிவந்துள்ளன. இங்குள்ள நோயாளிகளிடம் நடத்தப்படும் ஆய்வுகள் பெருகினால்தான், இந்திய உணவுகளின் புரதங்களும் பட்டியலில் உரிய இடம் பெறும்.

நுகர்வோர் கவனத்துக்கு

பசையம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், ஓட்டுடலி வகைகள், நிலக்கடலை மற்றும் கொட்டைகள், சோயா ஆகியவற்றையும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்பைட்டையும் ஒவ்வாமைத் தகவலாகச் சிப்பத்தின் மீது அறிவிக்க வேண்டும் என்பது இந்திய விதியாகும். பாசிப்பயறும் கடுகும் இப்பட்டியலில் இல்லை. ஆகவே புரதப் பொடி, தாவர இறைச்சி போன்றவற்றை வாங்கும்போது, ஒவ்வாமை உள்ளவர்கள் அந்த அறிவிப்புடன் நின்றுவிடாமல், சேர்க்கப்பட்ட பொருள்களின் முழுப் பட்டியலையும் படிப்பது அவசியம்.