குழந்தையின் இருதய அறுவைச் சிகிச்சையும் தாய்மாரின் அச்சமும்

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் ஏறக்குறைய 8 அல்லது 9 பேர் இருதயக் குறையுடன் பிறக்கின்றனர். இருதய அறைகளுக்கு இடையேயுள்ள சுவரில் துவாரம் இருத்தல், இரத்தக் குழாய் குறுகியிருத்தல் முதலிய இக்குறைகளுள் பல, அறுவைச் சிகிச்சையால் சீர்பெறுகின்றன. 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். ஆயினும், குறை தெரிந்த பின்னரும் அச்சத்தினால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் உண்டு. பெரிய துவாரமுள்ள குழந்தைக்குக் காலம் கடந்தால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் மீளாதவாறு கெட்டு, துவாரத்தை அடைக்கவே இயலாமற் போகலாம். ஆதலின், தாயின் அச்சத்தைத் தணிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

பெங்களூரின் தென்பகுதியிலுள்ள பொம்மனஹள்ளியைக் கடந்து ஓசூர்ச் சாலையில் சென்றால், பொம்மசந்திராவில் நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையைக் காணலாம். டாக்டர் தேவி ஷெட்டி 2000-ஆம் ஆண்டில் நிறுவிய இந்நிலையத்துக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பல மொழி பேசுவோர் வருகின்றனர். இம்மருத்துவமனைக் குழுமத்தில், காத்திருக்கும் உறவினருக்கு நோயாளியைப் பேணும் முறையை வீடியோப் படங்களாலும் செவிலியர் நடத்தும் வகுப்புகளாலும் கற்பிக்கும் முயற்சி தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் சிலர் முன்னின்று நடத்திய இம்முயற்சி, 2014-இல் ‘நூரா ஹெல்த்’ என்னும் அமைப்பாக உருப்பெற்றது. அதே முறை, அறுவைக்கு முன்னர் தாயின் மனத்தைப் பக்குவப்படுத்தவும் ஏற்றதாகும்.

அச்சத்தையும் அளந்தறிய இயலும். உளவியல் அறிஞர் ஸ்பீல்பெர்கர் வகுத்த வினாத்தாளில், ஒருவரின் அப்போதைய மனநிலையை அறிய 20 கூற்றுகள் உள்ளன. விடைகளுக்குரிய மதிப்பெண் 20 முதல் 80 வரை அமையும். எண் உயர உயர அச்சமும் மிகுதி எனக் கொள்ளலாம். படம் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் இதனைப் பயன்படுத்தினால், படத்தின் பயன் விளங்கும்.

படம் எவற்றைக் காட்ட வேண்டும்? முதலாவதாக, குழந்தைக்கு உணவு நிறுத்தப்படுவதன் காரணம். மயக்க நிலையில் இரைப்பையிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் செல்லக்கூடும். ஆகவே, பொதுவாகத் தாய்ப்பால் 4 மணி நேரத்துக்கு முன்பும், பிற பாலும் உணவும் 6 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தப்படுகின்றன. இரண்டாவதாக, இருதயம் வெளியே எடுக்கப்படுவதில்லை என்பது. அது சிறிது நேரம் அசைவற்றிருக்கும்போது, இருதய நுரையீரல் இயந்திரம் இரத்தத்தில் பிராண வாயுவைச் சேர்த்து உடலெங்கும் செலுத்துகிறது. 1953-இல் டாக்டர் கிப்பன் முதன்முதலாக இதனை வெற்றியுடன் பயன்படுத்தினார்.

மூன்றாவதே மிக முக்கியமானது. அதாவது, தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தை இருக்கும் தோற்றம். வாயில் சுவாசக் குழாய் உள்ளவரை குழந்தை குரலெடுத்து அழ இயலாது. மார்பிலிருந்து நீரும் இரத்தமும் வடியக் குழாய்கள் இருக்கும். முகம் சற்று வீங்கியிருக்கும். முன்னறிவின்றி இக்காட்சியைக் காணும் தாய், குழந்தை பேச்சிழந்ததாகவே எண்ணிக் கலங்குவாள். ஒவ்வொரு குழாயும் எதற்காக, எப்போது எடுக்கப்படும் என முன்னரே அறிந்தவள், நேரில் காணும்போது அவற்றை இனங்கண்டு கொள்வாள். இக்காட்சிகளை மறைத்துவிட்டு, புன்னகை பூத்த முகங்களை மட்டும் காட்டும் படத்தால் பயனில்லை.

எனினும், படம் கேள்விக்கு விடை கூறாது. ஆபத்தே இல்லை என உறுதி கூறுவதும் தகாது. அதனைத் தாயின் மொழியிலேயே காட்டி, வேண்டுமிடத்து நிறுத்தி, அவள் புரிந்துகொண்டதைத் தன் சொற்களில் சொல்லச் செய்தல் நலம். தந்தையும் பாட்டியும் உடனிருந்து பார்த்தால், வீட்டில் எழும் வதந்திகள் குறையும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல், சொத்தைப் பல் இருப்பின் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்குமாறு களப்பணியாளர் நினைவூட்ட வேண்டும். மார்பெலும்பு கூடுவதற்குச் சுமார் 6 வாரங்கள் செல்லும். அதுவரை குழந்தையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கலாகாது. கழுத்துக்கும் இடுப்புக்கும் அடியில் கைகளைத் தாங்கி எடுத்தல் வேண்டும். பள்ளி திரும்பும் மாணவனை எப்போது விளையாட விடலாம் என்பதை ஆசிரியர், மருத்துவர் தந்த குறிப்பைக் கேட்டு வாங்கித் தெரிந்துகொள்வது அவசியம்.