விற்ற பொருளும் விடாத பொறுப்பும்

பொருளைக் கொடுத்தாயிற்று, விலையைப் பெற்றாயிற்று; அத்துடன் விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் உள்ள தொடர்பு முடிந்துவிடுகிறதா? சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் சொத்தை இருந்தால், நறுக்கும்போதே அதைக் கண்டு எறிந்துவிடுகிறோம். நட்டம் சில காசுகளோடு போயிற்று. ஆனால், நெடுஞ்சாலையில் விரைந்து ஓடும் மோட்டார் வண்டிக்குள் இருக்கும் சொத்தை, வாங்கியவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தெரியவரும் கணத்தில் காலம் கடந்துவிட்டிருக்கும். ஆகவேதான், விற்ற பிறகும் வண்டியைச் செய்தவரைப் பொறுப்பிலிருந்து விடாத ஒரு முறை உலகில் தோன்றியது. அதற்குத் திரும்ப அழைத்தல் என்று பெயர். அம்முறை எவ்வாறு இயங்குகிறது, எங்கே இடறுகிறது என்பதை, அமெரிக்காவில் ஓடிய ஒரு வண்டியின் வரலாற்றைக் கொண்டு விளக்க எண்ணுகிறேன்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரும்ப அழைத்தல் என்றால் வண்டியைப் பறித்துக்கொள்வது என்று சிலர் அஞ்சுகிறார்கள். அப்படியன்று. ஒரு குறிப்பிட்ட மாதிரி வண்டியில் உயிருக்கு ஊறு செய்யக்கூடிய குறை இருப்பதாகத் தெரிந்தால், அதைச் செய்த நிறுவனம் அரசுக்கு அறிவித்து, உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதி, வண்டியை வரவழைத்து, கட்டணமின்றிச் செப்பனிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்கு அடிப்படையான சட்டம் அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனின் கையொப்பம் பெற்றது. அதற்கு முந்திய ஆண்டில் ரால்ப் நேடர் என்ற வழக்கறிஞர், மோட்டார் வண்டிகளின் ஆபத்தான அமைப்பைக் கண்டித்து எழுதிய நூல் நாட்டில் பெரும் கிளர்ச்சியை உண்டாக்கியிருந்தது. விபத்து என்றால் ஓட்டுநரின் தவறு என்று மட்டுமே பேசிவந்த உலகம், வண்டியின் தவறாகவும் இருக்கலாமே என்று எண்ணத் தொடங்கியது அப்போதுதான்.

அச்சட்டத்தை நடத்திவைப்பது தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் என்னும் அரசு அமைப்பு. இதனிடம் ஒரு பேரேடு உண்டு. நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் தம் வண்டியில் கண்ட குறையைத் தொலைபேசியிலோ எழுத்து மூலமோ அங்கே பதிவு செய்யலாம். வண்டி செய்யும் நிறுவனமோ, பாதுகாப்புக் குறை ஒன்று உண்டு என்று தீர்மானித்த ஐந்து வேலை நாட்களுக்குள் அதை அரசுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. இந்த இரண்டு தூண்கள்மேல்தான் முழு அமைப்பும் நிற்கிறது: ஒன்று மக்களின் முறையீடு, மற்றொன்று நிறுவனத்தின் நேர்மை.

இனி வண்டிக்கு வருவோம். எஸ்.யு.வி. என்று மூன்றெழுத்துகளால் சுட்டப்படும் உயரமான வண்டிகளை நீங்கள் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் உருவில் சிறிய வகையைச் சேர்ந்தது போர்டு நிறுவனத்தின் எஸ்கேப். 2001-ஆம் ஆண்டு மாதிரியாக அது சந்தைக்கு வந்தது. அதே அமைப்பில் ஜப்பானிய மஸ்தா நிறுவனம் டிரிப்யூட் என்ற பெயரில் தன் வண்டியை விற்றது. பெரிய வண்டியின் உயரமும் சிறிய வண்டியின் சிக்கனமும் சேர்ந்திருந்தமையால் நடுத்தரக் குடும்பங்கள் இவற்றை விரும்பி வாங்கின. அந்த மாதிரி பலமுறை திரும்ப அழைக்கப்பட்டதுண்டு. அவற்றுள் நமக்குப் பெரும் பாடமாக அமைவது ஆக்ஸிலரேட்டர் பற்றிய குறையே.

ஆக்ஸிலரேட்டர் எவ்வாறு வேலை செய்கிறது? அக்காலத்து எஸ்கேப் வண்டியில், ஓட்டுநரின் காலடியில் உள்ள மிதியிலிருந்து ஒரு கம்பிவடம் எஞ்சினுக்குச் செல்லும். மிதியை அழுத்தினால் கம்பிவடம் இழுபடும். எஞ்சினுக்குள் காற்று நுழையும் வாயிலில் உள்ள தகடு திறக்கும். காற்றும் எரிபொருளும் மிகுதியாகச் சேர, வேகம் கூடும். காலை எடுத்தால் ஒரு சுருள்வில் அத்தகட்டை மூடிவிடும், வேகம் தணியும். கிணற்று ராட்டினத்துக் கயிறு சிக்கிக்கொண்டால் வாளி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல, இந்தக் கம்பிவடம் எங்கேனும் சிக்கிக்கொண்டால் தகடு திறந்தபடியே நிற்கும். காலை எடுத்தும் வண்டி பாய்ந்துகொண்டேயிருக்கும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பரில் இப்படிப்பட்ட குறைக்காகவே, 2002 முதல் 2004 வரையிலான மாதிரி எஸ்கேப் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய கம்பிவடத்தை எடுத்துவிட்டுப் புதியது பொருத்தினார்கள். குறை தீர்ந்தது என்று எல்லோரும் எண்ணினர். ஆனால், எஞ்சினின் தலைமாட்டில் இன்னொரு கம்பிவடமும் இருந்தது. நெடுவழியில் ஓட்டுநர் மிதியை அழுத்தாமலே வண்டி ஒரே வேகத்தில் செல்ல உதவும் சாதனம் ஒன்று உண்டு; அதன் கம்பிவடம் அது. அதுவும் அதே தகட்டைத்தான் இழுக்கும். முதல் கம்பிவடத்தை மாற்றும்போது இரண்டாவதற்குச் சேதம் நேரலாம் என்று கண்டு, 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் போர்டு நிறுவனம் பழுது நீக்குவோருக்கான குறிப்புகளைத் திருத்தி எச்சரிக்கை சேர்த்தது. அதற்குமுன் செப்பனிட்டு வாங்கிச் சென்றவர்களுக்கோ இச்செய்தி போய்ச் சேரவில்லை என்று, மோட்டார் பாதுகாப்பு மையம் என்ற பொதுநல அமைப்பு பின்னர் குற்றஞ்சாட்டியது.

நோய்க்குக் கொடுத்த மருந்தே வேறொரு நோய்க்கு வித்தாகலாம் என்பது வைத்தியர்கள் அறிந்த உண்மை. அதனால்தான் நல்ல வைத்தியர் மருந்து கொடுத்ததோடு நில்லாமல், மறுமுறையும் வந்து நாடி பார்க்கிறார். இயந்திரங்களுக்கும் அதே விதிதான்.

ஆண்டுகள் சென்றன. 2012-ஆம் ஆண்டு ஜனவரியில், அரிசோனா மாநிலத்தில் எஸ்கேப் வண்டியை ஓட்டிச் சென்ற ஓர் இளம்பெண் விபத்தில் உயிரிழந்தாள். ஜூலை மாதம் மோட்டார் பாதுகாப்பு மையம் அரசு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது. அம்மாதத்தின் நடுவில் நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. விசாரணைக்கு உட்பட்டவை எஸ்கேப், டிரிப்யூட் ஆகிய இருவகையிலும் சேர்ந்து ஏறத்தாழ 7,30,000 வண்டிகள். பேரேட்டில் இருந்த முறையீடுகள் 99. அவற்றில் 13 மோதல்களும், ஒன்பது பேர் காயமுற்றதும், ஓர் உயிரிழப்பும் சொல்லப்பட்டிருந்தன.

இந்த எண்களைச் சற்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஏழு லட்சத்து முப்பதாயிரம் வண்டிக்குத் தொண்ணூற்றொன்பது முறையீடு என்றால், ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிக்கு ஒன்று. ஒரு ஊரில் ஒருவருக்கு நேர்ந்தால், அண்டை வீட்டார் அவருடைய கால்தான் தவறியிருக்கும் என்பார்கள். அவரும் நாளடைவில் அப்படியே நம்பிவிடக்கூடும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. ஆனால் ஒரு வீட்டில் அழும் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்பதில்லை. வெவ்வேறு மாநிலங்களில் ஒருவரையொருவர் அறியாத மக்கள் எழுதியவை ஒரே பேரேட்டில் சேர்ந்தபோதுதான், இது காலின் தவறாக மட்டும் இருக்க முடியுமா என்ற கேள்வி எழுந்தது. தனித்தனியே நின்றால் புலம்பல், ஒன்றுசேர்ந்தால் சான்று. முறையீட்டின் வலிமை அதுவே.

அதே ஜூலை 26-ஆம் நாள் போர்டு நிறுவனம் 4,80,000-க்கும் மேற்பட்ட எஸ்கேப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2001 முதல் 2004 வரையிலான மாதிரிகளில் மூன்று லிட்டர் எஞ்சினும் அந்த வேகச் சாதனமும் கொண்டவை அவை. எஞ்சினின் மேல்மூடிக்கும் இரண்டாம் கம்பிவடத்தின் இணைப்புக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை. மிதியை முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ அழுத்தும்போது இணைப்பு மூடியில் சிக்கிக்கொள்ளலாம் என்பதே கண்ட காரணம். வேகச் சாதனத்தை ஓட்டுநர் பயன்படுத்தாதபோதும் இவ்வாறு நேரலாம். மாற்றுப் பொருள்கள் வந்து சேரும்வரை அந்தக் கம்பிவடத்தைக் கழற்றி வைத்தார்கள். டிரிப்யூட் வண்டிகளையும் மஸ்தா நிறுவனம் திரும்ப அழைத்தது. ஒரு சிறிய இடைவெளிக் குறைவு எத்துணைப் பெரிய காரியமாகிவிட்டது பாருங்கள்!

இங்கே நேயர்கள் ஓர் ஐயம் எழுப்பலாம்: வேகம் குறையாவிட்டால் பிரேக்கை மிதித்து நிறுத்தக் கூடாதா? நிறுத்தலாம், ஆயினும் அதில் ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய வண்டிகளில் பிரேக்குக்கு உதவியாக, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடத்தின் ஆற்றல் பயன்படுகிறது. காற்றுத் தகடு அகலத் திறந்திருக்கும்போது அவ்வெற்றிடம் உண்டாவதில்லை. முன்பே சேமித்திருந்தது மட்டுமே கைவசம். பதற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தால் அந்தச் சேமிப்பும் தீர்ந்து, மிதி கல்லாக இறுகிவிடும். ஆகவே வல்லுநர் கூறும் வழி இது: பிரேக்கை ஒரே மூச்சாக, உறுதியாக, விடாமல் அழுத்துக, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுக, எஞ்சின் இரைந்தாலும் கவலையில்லை, சக்கரத்துக்கு ஆற்றல் போகாது, வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்திய பின் எஞ்சினை அணைக்க. ஓடும்போதே சாவியை முழுவதும் திருப்பி உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும். எந்த வண்டியை ஓட்டுவோரும் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நலம்.

அதே மாதத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். புதிதாக வந்திருந்த 2013-ஆம் ஆண்டு மாதிரி எஸ்கேப் வண்டிகளுள் 1.6 லிட்டர் எஞ்சின் உடையவற்றில் எரிபொருள் குழாய் பிளந்து தீப்பற்றக்கூடும் என்று தெரிந்தது. ஏறத்தாழ 11,500 வண்டிகள். உரிமையாளர்கள் இனி ஓட்டவே வேண்டாம் என்றும், வண்டியை நிறுவனமே வந்து எடுத்துச் சென்று மாற்று வண்டி தரும் என்றும் உடனே அறிவிப்பு வெளியாயிற்று. ஒரே நிறுவனம், ஒரே பெயருள்ள வண்டி, ஒரே மாதம். ஒன்றில் விரைவு, மற்றொன்றில் பல்லாண்டுத் தாமதம். பழைய வண்டிகளைத் திரும்ப அழைப்பதில் காலந்தாழ்த்தியதாக அரசு எழுப்பிய குற்றச்சாட்டின்பேரில், 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டில், தவறை ஒப்புக்கொள்ளாமலே, போர்டு நிறுவனம் 1 கோடியே 73 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தண்டத்தொகை செலுத்த இசைந்தது.

சங்கிலியின் கடைசிக் கண்ணி உரிமையாளரே. கடிதம் வந்தும் பிரிக்காமல் வைத்துவிடுவோர் பலர். வண்டி கைமாறிப் போனால் கடிதம் பழைய முகவரிக்குச் சென்றுவிடுவதும் உண்டு. இதைப் போக்க, 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அமெரிக்காவில், வண்டியின் பதினேழு எழுத்தெண்கள் கொண்ட அடையாளக் குறியைக் கொடுத்தால், செப்பனிடப்படாத அழைப்பு ஏதும் நிலுவையில் உண்டா என்று எவரும் அறிந்துகொள்ள வழி செய்தார்கள். பழைய வண்டி வாங்குவோருக்கு இது பேருதவி. எனினும் எஸ்கேப்பின் கதை ஒன்றை நினைவூட்டுகிறது. "செப்பனிடப்பட்டது" என்று பதிவேடு கூறுவது வேறு. செம்மையாகச் செப்பனிடப்பட்டது என்பது வேறு. விடைத்தாளில் சரி என்று குறியிட்டுவிட்டால் மாணவன் பாடத்தைக் கற்றுவிட்டான் என்று ஆகிவிடாது அல்லவா?

முறையீடு எழுதுவதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். "வண்டி சரியில்லை" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த ஆண்டு மாதிரி, எவ்வளவு தூரம் ஓடியது, எந்த நாளில், எந்த வேகத்தில், கால் எந்த மிதியில் இருந்தபோது என்ன நேர்ந்தது, முன்பு எந்தப் பழுது எப்போது நீக்கப்பட்டது என்பனவற்றைக் கண்டது கண்டபடி எழுத வேண்டும். ஊகமும் சினமும் வேண்டா. அப்படி எழுதிய ஒரு பக்கம், முகமறியாத ஒருவருடைய உயிரைக் காக்கலாம்.

நம் நாட்டிலும் இம்முறை வேரூன்றி வருகிறது. 2012-ஆம் ஆண்டில் வண்டி செய்வோரின் சங்கம் தானாகவே ஒரு நெறியை வகுத்துக்கொண்டது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. உரிமையாளர்களின் முறையீட்டையும் அதற்கு ஓர் ஆதாரமாக அச்சட்டம் ஏற்கிறது. திரும்ப அழைக்கப்பட்டது என்பதற்காக ஒரு நிறுவனத்தை இகழ வேண்டுவதில்லை. குறை நேர்வது மனித இயல்பு. அதை விரைந்து சொல்லி, முழுமையாக நீக்கி, நீங்கியதா என்று மீண்டும் பார்ப்பதே கடமை. எஸ்கேப் வண்டியில் முதல் மருந்து கொடுத்ததற்கும் உண்மையான நோயைக் கண்டதற்கும் இடையே ஏழாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அந்த இடைவெளியைக் குறைப்பது செய்தவர், ஆள்பவர், ஓட்டுபவர் ஆகிய மூவரின் கையிலும் இருக்கிறது.