எண்ணினால் போதுமா? கேட்கவும் வேண்டும்!

ஒரு நாட்டில் வீடற்றவர்கள் எத்தனை பேர்? இதை எப்படி அறிவது? அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, தெருக்களிலும் வீடற்றோர் விடுதிகளிலும் தங்கியிருப்போரை எண்ணுகிறார்கள். 2023-ஆம் ஆண்டில் சுமார் 6,53,000 பேர் இருந்தனர். அந்நாட்டு மக்களில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு 13 பேர்தான். வீடற்றோரிலோ நூற்றுக்கு 37 பேர்!

ஏன் இந்த வேறுபாடு? எண் இதற்கு விடை சொல்லாது. வெப்பமானி காய்ச்சலின் அளவைக் காட்டும். அது எப்படித் தொடங்கியது என்பதை நோயாளியிடம்தானே கேட்கவேண்டும்? அவ்வாறு கேட்டு அறிவதே வாழ்க்கைக்கதை ஆய்வு. வீடிழந்த கறுப்பினப் பெண்களின் நிலையை அறிய இம்முறை பெரிதும் உதவுகிறது.

ஆய்வாளர் இங்கே 'ஆம், இல்லை' என்று குறிக்கும் வினாத்தாளை நீட்டுவதில்லை. "வீட்டை எப்படி இழந்தீர்கள்? தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் செவிமடுக்கிறார். ஒப்புதல் பெற்று ஒலிப்பதிவு செய்து, பேச்சைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறார். முதலில் நடந்தது எது? வாழ்க்கை எங்கே திரும்பியது? அப்பெண் எதைக் காரணமாகக் கருதுகிறார்? பல கதைகளிலும் ஒரே திருப்பம் தென்பட்டால், அது ஒரு துப்பு. அதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கவேண்டும்.

இப்படிக் கேட்பதும் சோதிப்பதும் கைகோத்தால் என்ன கிடைக்கும்? மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள மில்வாக்கி நகரைப் பாருங்கள். சமூகவியலறிஞர் மாத்யூ டெஸ்மண்ட் 2008, 2009-ஆம் ஆண்டுகளில் அங்கு ஏழைக் குடித்தனக்காரர்களிடையே வாழ்ந்து, அவர்கள் சொன்னவற்றைக் குறித்துக்கொண்டார். பிறகு ஆவணங்களையும் ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் பகுதிகளில் வாழும் பெண்கள் நகர மக்களில் நூற்றுக்கு 9 பேர். வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டோரில் நூற்றுக்கு 30 பேர்.

இன்னொன்றும் வெளிப்பட்டது. அக்காலத்தில் அங்கே, வீட்டில் அடி தாங்காமல் ஒரு பெண் அடிக்கடி போலீசை அழைத்தால், 'உங்கள் வீட்டால் தொல்லை' என்று வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. அவரோ பெரும்பாலும் அப்பெண்ணை வெளியேற்றினார், அல்லது வெளியேற்றுவதாக மிரட்டினார். அடியைப் பொறுப்பதா, வீட்டை இழப்பதா? ஜனவரி இரவின் கணக்கில் இந்தக் கேள்வி இடம்பெறுமா?

இம்முறைக்கும் எல்லை உண்டு. இருபது பேரின் கதையைக் கொண்டு நாடு முழுவதற்கும் விழுக்காடு கூற முடியாது. நினைவும் சில சமயம் பிசகும். பொறுப்போ மிகப் பெரிது. கொடுமைக்கு அஞ்சி ஒளிந்து வாழும் பெண்ணின் இருப்பிடம் வெளியே தெரிந்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, பெயரையும் ஊரையும் மாற்றி எழுதுகிறார்கள். "போதும், நிறுத்துங்கள்" என்று அவர் எப்போது சொன்னாலும் நிறுத்திவிட வேண்டும்.

எத்தனை பேர் என்று தெரிந்தால் எத்தனை படுக்கைகள் வேண்டும் என்று கணக்கிடலாம். எப்படி வீடிழந்தார்கள் என்று தெரிந்தால்தான், அடுத்தவர் தெருவுக்கு வராமல் தடுக்கலாம்.