வெட்டலாமா, விடலாமா?

பிப்ரவரி மாதக் காலையில் இங்கிலாந்துத் தோட்டக்காரருக்கு முதல் வேலை, புல்வெளியில் கால் வைக்காமல் இருப்பது. உறைபனி படிந்த புல்லின் செல்களில் பனித்துகள்கள் இறுகிக் கிடக்கும். அதன்மேல் பூட்ஸ் அழுந்தினால் செல்சுவர்கள் நொறுங்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, நடந்த தடம் பழுப்புப் பழுப்பாகப் புல்லில் எழும்பி நிற்கும். வீட்டுக்காரர் பார்ப்பதும் அப்போதுதான். அதனால் லண்டனுக்குத் தெற்கே சர்ரே பகுதியில் வீடு வீடாகப் போய்த் தோட்டம் பார்க்கும் தொழிலாளி, வெயில் ஏறும்வரை கல் பாவிய பாதையிலும் சுவரோரத்திலும் செய்யக்கூடிய வேலையைத்தான் முதலில் எடுப்பார்.

மாதத் தொடக்கத்தில் பகல் ஒன்பது மணி நேரம்தான். மாத முடிவில் பதினொன்றை நெருங்கிவிடும். அதற்குள் எல்லா வீட்டிலும் கவாத்து முடிந்தாக வேண்டும். கவாத்து என்றதும் கத்தரியை ஓட்டும் வேகம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த மாதத்தில் அவருடைய திறமை, எதை வெட்டக் கூடாது என்று கண்டுகொள்வதில் இருக்கிறது. அதற்கு அவர் பார்ப்பது மொட்டை.

சுவரில் படர்ந்த விஸ்டீரியாவை எடுத்துக்கொள்வோம். கோடையில் சாட்டைபோல் நீண்ட கொடிகளை ஐந்தாறு இலை விட்டு வெட்டியிருப்பார். இப்போது அவற்றையே இரண்டு மூன்று மொட்டு மட்டும் மிஞ்சும்படி குறுக்குகிறார். மே மாதம் பூக்கப்போகும் மொட்டு உருண்டு பருத்திருக்கும்; இலையாக விரியப்போகும் மொட்டு ஒல்லியாக இருக்கும். இலையில்லாத மாதத்தில்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது ரோஜா. புதருக்கு வெளிப்புறமாகப் பார்க்கும் மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுவார். நுனி போனதும் அந்த மொட்டு விழித்துக்கொண்டு வெளிப்பக்கமாகக் கிளைவிடும். நடுவில் காற்றோட்டம் கிடைப்பதால் இலைகளில் கரும்புள்ளி நோயும் குறையும். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வரும் என்பது துளசி வளர்ப்பவருக்கும், நவம்பர் கடைசியில் மல்லிகையைக் கவாத்து செய்பவருக்கும் தெரிந்ததுதான். ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்கத்தான் நெடுங்காலம் ஆனது.

புல் நாற்றின் நுனியிலிருந்து கீழ்ப்பகுதிக்கு ஏதோ ஒரு தகவல் போகிறது என்று 1880இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் எழுதினார்கள். அது ஒரு வேதிப்பொருள்தான் என்று 1920களில் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வென்ட் காட்டினார். ஆக்சின் என்று பெயர் பெற்ற அந்தப் பொருளை, நுனி வெட்டிய அவரைச் செடியின் வெட்டுவாயில் தடவினால் பக்க மொட்டுகள் எழாமலே கிடக்கின்றன என்பதை 1930களில் கென்னத் திமானும் போல்க் ஸ்கூகும் நிறுவினார்கள். கதை அதோடு முடிந்தது என்றுதான் பாடப்புத்தகங்கள் நம்பின. 2014இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பட்டாணிச் செடியில் ஒன்றைக் கவனித்தார்கள்: நுனியை வெட்டியபின் ஆக்சின் குறைந்த செய்தி கீழே எட்டுவதற்கு முன்பே பக்க மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது. வளரும் நுனி தனக்கென இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை திசைமாறி மொட்டுக்குப் பாய்வதே முதல் தூண்டுதல் என்பது அவர்கள் முடிவு. ஆக்சினின் பங்கு அதற்குப் பின்னால்.

ரோஜாவுக்குப் பக்கத்திலேயே நிற்கும் ஹைட்ரேஞ்சாவில் கத்தரி தயங்கும். உருண்டைக் கொத்தாகப் பூக்கும் வகை, இவ்வாண்டுப் பூவுக்கான மொட்டைப் போன ஆண்டுத் தண்டிலேயே கட்டிவைத்திருக்கும். அதனால் காய்ந்த பூங்கொத்தைக்கூட விட்டுவைப்பார். கீழிருக்கும் மொட்டுக்கு அது பனியிலிருந்து ஓரளவு மறைவு தரும். கூம்புக் கொத்தாகப் பூக்கும் இன்னொரு வகையோ இனி வரப்போகும் தளிரில்தான் பூக்கும். அதைத் தாராளமாகக் குறைக்கலாம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து வெட்டினால் அந்தக் கோடை முழுக்க வெறும் இலைதான்.

பிளம், செர்ரி மரங்களின் பக்கமே போக மாட்டார். வெள்ளி இலை நோயைத் தரும் பூஞ்சை, குளிர்கால ஈரத்தில் வித்துகளைப் பரப்பி, புது வெட்டுக்காயம் வழியே நுழையும். அவற்றுக்குக் கோடைக் கவாத்துதான். பிர்ச் மரத்தை இப்போது வெட்டினால் வேர் அழுத்தத்தில் சாறு சொட்டிக்கொண்டே இருக்கும்.

ஆப்பிள் மரத்தில் வேறு கணக்கு. இலை உதிர்த்த மரம் தன் மாவுச்சத்தை வேரிலும் அடிமரத்திலும் சேர்த்துவைத்திருக்கிறது. கிளைகளை அளவுக்கு மீறி வெட்டினால், வசந்தத்தில் அந்தச் சேமிப்பு முழுவதும் மிச்சமுள்ள சில மொட்டுகளுக்கே போய், செங்குத்தாக நீர்ப்போத்துகள் கிளம்பும். பழம் கேட்ட வீட்டுக்காரருக்குக் குச்சிக்காடு கிடைக்கும்.

பெரிய கிளையை எங்கே வெட்டுவது என்பதிலும் ஒரு பழைய வழக்கம் மாறியிருக்கிறது. அடிமரத்தோடு ஒட்ட வெட்டி, காயத்துக்குத் தார் பூசுவது முன்பு ஒழுங்கான வேலையாகக் கருதப்பட்டது. அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ, ஆயிரக்கணக்கான மரங்களைச் சங்கிலி ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து உள்ளே பார்த்தார். மரம் நம் தோலைப்போல் புண்ணை ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்பு எழுப்பி ஒதுக்கிவிடுகிறது என்று 1970களில் விளக்கினார். அந்தத் தடுப்பை எழுப்புவதில் கிளையின் அடியில் உள்ள கழுத்துவீக்கத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அதனால் வீக்கத்தைத் தொடாமல் சற்று வெளியே வெட்டுகிறார்கள். தாரும் கைவிடப்பட்டது.

மதியத்துக்குப்பின் வேலிச்செடி. இதில் அவசரப்படுத்துவது சட்டம். கூடுகட்டும் பறவையையும் பயன்பாட்டில் உள்ள கூட்டையும் பாதுகாக்கும் சட்டம் பிரிட்டனில் 1981இல் வந்தது. கூடுகட்டும் காலம் மார்ச்சில் தொடங்குவதாக வைத்துக்கொள்வதால், பிப்ரவரி முடிவதற்குள் இயந்திரக் கத்தரியை ஓட்டி முடிக்கப் பார்ப்பார்கள்.

ஆனால் இந்த நாள்காட்டியே ஆட்டம் கண்டிருக்கிறது. 1753 முதல் சேர்ந்த பிரிட்டன் பதிவுகளில், 406 தாவர இனங்களைப் பற்றிய நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு அலசியது. 1986 வரையிலான காலத்தோடு ஒப்பிட்டால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் முதல் பூ சராசரியாக ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி மலர்கிறது என்று 2022இல் அறிவித்தது.

முந்திப் பூப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். உறக்கத்தில் இருக்கும் ஆப்பிள் மொட்டு கடுங்குளிரைத் தாங்கிவிடும். மலர்ந்த பூவோ சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியிலேயே கருகத் தொடங்கும். 2017 ஏப்ரல் கடைசியில் அடித்த உறைபனி இங்கிலாந்தின் திராட்சைத் தோட்டங்களில் தளிர்களைப் பொசுக்கியது. வெட்டாத கொடியில் நுனி மொட்டுகள் முதலில் விழிக்கும், அடி மொட்டுகள் பின்தங்கும். அதைப் பயன்படுத்திக்கொண்டு, பனிக்குழியான நிலங்களில் கவாத்தையே தள்ளிப்போடும் திராட்சை விவசாயிகள் உண்டு. தாழ்வான இடத்தில் இருக்கும் வீடுகளின் ரோஜாவுக்கும் இதே யோசனை பொருந்தும். அந்த வீடுகளுக்கு மட்டும் தோட்டக்காரர் தன் குறிப்பேட்டில் மார்ச் என்று எழுதிக்கொள்கிறார்.