பாளை அரிவாளும் ஒப்பினெல் மடக்குக் கத்தியும்

இடப்பக்கம் இருப்பது பாவூர்சத்திரம் வட்டாரப் பனையேறிகளின் பாளை அரிவாள். பாளையின் நுனியைத் தினமும் மெல்லிய சீவலாகச் சீவினால்தான் பதநீர் சுரக்கும். மழுங்கிய அலகு பாளையை நசுக்கும், சுரப்பு குன்றும். ஆகவே தீட்டுவது அன்றாட வேலை. பலகையில் கல்பொடி தூவித் தீட்டி, இடுப்பில் கட்டிய அரிவாள் பெட்டியில் செருகிக்கொண்டு ஏறுவார்கள். கருப்பட்டிக் காபியைப் புகழ்பவர்கள் இந்த அலகையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

வலப்பக்கம், பிரான்சின் சவுவா மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்த மடக்குக் கத்தியின் வழிவந்தது. 1897இல் 1 முதல் 12 வரை அளவெண்கள் வந்தன. இது 8ஆம் எண்: அலகு எட்டரை சென்டிமீட்டர், பிடி பீச் மரம். முடிசூடிய கை முத்திரை 1909இல் பதிவானது. விரித்த அலகு விரல்மேல் மடங்காமல் பூட்டும் வளையம் 1955இல்தான் சேர்ந்தது. அதுவரை கத்தியைப் பிடிப்பவரின் கவனமே பூட்டு.

இரண்டும் கார்பன் எஃகு. ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். பழகப் பழக அலகில் சாம்பல் கறை படியும். அழுக்கென்று தேய்த்து நீக்க வேண்டாம், அது துருவைக் கொஞ்சம் தடுக்கிறது.

மரப்பிடிக்கு ஈரம் ஆகாது. குற்றாலச் சாரல் காலத்தில் ஒப்பினெல் பிடி ஊதி, அலகு திறக்க மறுக்கலாம். சவுவாக்காரர்களிடம் அதற்கொரு கைப்பழக்கம் உண்டு: பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டு, அலகு சற்றே வெளியே எட்டும்.