தொண்ணூற்றாறு முறை பாதியாகும் எண்

முதலில் ஒரு விடுகதை. ஓர் எண் இருக்கிறது. அதைப் பாதியாக்கினால் மீதி வராது. கிடைத்த பாதியை மறுபடி பாதியாக்கினாலும் மீதி வராது. இப்படியே 96 முறை பாதியாக்கிக்கொண்டே போனால் கடைசியில் 1 வந்து நிற்கும். அந்த எண் எது?

அடுக்குகளைப் படித்த உங்களுக்கு இது பெரிய புதிர் அன்று. ஒன்றில் தொடங்கி 96 முறை இரட்டிப்பாக்கிக்கொண்டே திரும்பி வந்தால் போதும். விடை 2⁹⁶. ஆனால் இந்த விடுகதையை நான் கட்டவில்லை. 1500 ஆண்டுகளுக்கு மேல் பழமையான அனுயோகத்துவார சூத்திரம் என்னும் சமண நூலில், உலகத்து மனிதர்களின் எண்ணிக்கையைச் சொல்ல வரும் இடத்தில் இது இருக்கிறது. அந்த எண்ணை நூல் இரண்டு விதமாகச் சொல்கிறது. ஐந்தாம் வர்க்கத்தையும் ஆறாம் வர்க்கத்தையும் பெருக்கினால் வருவது என்பது ஒன்று. 96 முறை பாதியாக்கக் கூடியது என்பது மற்றொன்று. அது 29 இடங்களை அடைத்துக்கொள்ளும் என்றும் சொல்லிவிடுகிறது.

இரண்டும் ஒன்றுதானா? சரிபார்த்துவிடுவோம். இரண்டின் முதல் வர்க்கம் 4, அதாவது 2². அதன் வர்க்கம் 16, அதாவது 2⁴. மூன்றாவது 2⁸, நான்காவது 2¹⁶, ஐந்தாவது 2³², ஆறாவது 2⁶⁴. அடிமானம் ஒன்றாக இருந்தால் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்ட வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரியும். 32-உம் 64-உம் 96. கணக்கு சரி.

29 இடங்கள் என்பதையும் பார்த்துவிடலாம். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. 2¹⁰ என்பது 1024. அதை ஏறத்தாழ 10³ என்று கொள்ளுங்கள். 2⁹⁶ என்பதை 2⁶ × (2¹⁰)⁹ என்று பிரித்தால் 64 × 10²⁷, அதாவது 6.4 × 10²⁸ வருகிறது. ஒவ்வொரு 1024-லும் 24-ஐ விட்டுவிட்டதால் விடை சற்றுக் குறைந்திருக்கிறது. சரியான மதிப்பு ஏறத்தாழ 7.9 × 10²⁸. ஆனால் அடுக்கு மாறவில்லை. பத்தின் அடுக்கு 28 என்றால் எண்ணில் 29 இலக்கங்கள். காகிதமும் பென்சிலும் கொண்டு முழுதாகப் பெருக்க விரும்புகிறவர்களுக்கு விடை: 79228162514264337593543950336. எண்ணிப் பாருங்கள்.

சமண நூல் என்றதும் மதுரைப் பக்கத்து மாணவர்களுக்குக் கீழக்குயில்குடி நினைவுக்கு வந்திருக்கும். மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். அங்கே சமணர் மலையின் அடிவாரத்தில் அய்யனார் கோயில், ஆலமரம், தாமரைக்குளம். மலையின் ஒரு பக்கத்தில் செட்டிப்புடவு என்னும் குகையில் பெரிய தீர்த்தங்கரர் உருவம் அமர்ந்திருக்கிறது. மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்துகள். இவை கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சிற்பம் செய்வித்தவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் அந்த எழுத்துகள் குறிக்கின்றன. பாறையில் இருப்பவை பெயர்கள்தாம். கணக்கு ஏடுகளில் இருக்கிறது.

அந்த ஏடுகளில் ஒன்று, ஏறத்தாழ இச்சிற்பங்களின் காலத்தையே சேர்ந்தது. கி.பி. 816-இல் வீரசேனர் எழுதி முடித்த தவளா என்னும் உரைநூல் அது. கர்நாடகத்து மூடபித்ரியில் ஓலைச் சுவடிகளாகப் பாதுகாக்கப்பட்டு வந்தது. ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியுமோ அந்த எண்ணிக்கைக்கு அவர் தரும் பெயர் அர்த்தச்சேதம். அர்த்தம் என்றால் இங்கே பாதி; சேதம் என்றால் வெட்டு. 8-க்கு அர்த்தச்சேதம் 3. 32-க்கு 5. இரண்டையும் பெருக்கினால் 256, அதற்கு 8. பெருக்கல் கூட்டலாக மாறிவிட்டது, பார்த்தீர்களா? மூன்று மூன்றாக வெட்டுவதற்கும் நான்கு நான்காக வெட்டுவதற்கும் தனிப் பெயர்கள் வைத்திருந்தார்கள். மேல் வகுப்புகளில் நீங்கள் படிக்கப்போகும் மடக்கையின் கரு இதுதான். ஸ்காட்லாந்துக்காரர் நேப்பியர் தம் மடக்கை அட்டவணையை வெளியிட்டது 1614-இல். ஆனால் 7, 10 போன்ற மீதியில்லாமல் பாதியாகிக்கொண்டே போகாத எண்களுக்கும் மதிப்புக் கண்டு, அட்டவணை போட்டுக் கையில் கொடுத்தது அவர்தாம். நம்மவர் செய்ததை ஊதிப் பெரிதாக்க வேண்டியதில்லை. உள்ளபடியே அது போதுமான பெருமை.

பழைய நாளில் பெரிய எண்களுக்குப் பெயர் வைப்பதும் வழக்கம். தமிழில் தாமரை, ஆம்பல், வெள்ளம் எல்லாம் எண்ணுப் பெயர்கள். அழகான பெயர்கள்தாம், ஆனால் ஒரு தொல்லை உண்டு. மகாபதுமம், அதாவது பெருந்தாமரை, 9-ஆம் நூற்றாண்டின் மகாவீராச்சாரியாரிடம் 10¹⁵. 12-ஆம் நூற்றாண்டின் பாஸ்கரரிடம் 10¹². பெயர் ஒன்றே, மதிப்பில் ஆயிரம் மடங்கு வேறுபாடு! அடுக்கு எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

சரி, 2⁹⁶ மனிதர்கள் என்றால் எவ்வளவு? 2022 நவம்பரில் உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது. அது 8 × 10⁹. நூல் சொல்லும் எண்ணை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 10¹⁹. நம்மைப் போல் அத்தனை மடங்கு. ஆளுக்கு 50 கிலோகிராம் என்று வையுங்கள். 7.9 × 10²⁸ × 5 × 10¹ என்பது ஏறத்தாழ 4 × 10³⁰ கிலோகிராம். சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோகிராம். அதாவது அந்த மனிதர்களை எல்லாம் ஒரு தட்டில் ஏற்றினால் மறுதட்டில் இரண்டு சூரியன்களை வைக்க வேண்டும். நூல் அண்டம் முழுவதையும் பற்றிப் பேசுகிறது என்பதை மறக்க வேண்டாம். நம் பூமிக்கு இந்தக் கூட்டம் தாங்காது.

இனி சமணர் மலைக்கே ஒரு கணக்கு. மலை 2 × 10³ மீட்டர் நீளம், 5 × 10² மீட்டர் அகலம், 10² மீட்டர் உயரம் என்று கணக்குக்காகக் கொள்வோம். இது பெட்டி அல்ல, மலை. சரிந்து மேலே குறுகுவது. ஆகவே பாதியை எடுத்துக்கொள்வோம். கன அளவு 5 × 10⁷ கன மீட்டர். கருங்கல் ஒரு கன மீட்டர் 2.7 × 10³ கிலோகிராம் இருக்கும். மலையின் நிறை 1.35 × 10¹¹ கிலோகிராம்.

இதில் ஒரு லாரிக் கல், பத்து டன், அதாவது 10⁴ கிலோகிராம் எடுத்துவிட்டால் மீதி என்ன? அவசரக்காரர் இங்கே அடுக்குகளைக் கழித்து 10⁷ என்று எழுதிவிடுவார். தேர்வுத் தாள்களில் ஆண்டுதோறும் நான் காணும் காட்சி இது. அடுக்கைக் கழிப்பது வகுத்தலுக்கு. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் முதலில் அடுக்குகளைச் சமமாக்க வேண்டும். 10⁴ என்பதை 0.0000001 × 10¹¹ என்று எழுதுங்கள். மீதி 1.3499999 × 10¹¹. ஒரு லாரி போனது மலைக்குத் தெரியவே தெரியாது! நூறு லாரி போனாலும் தெரியாது. இரண்டு தசம இடத்துக்குத் திருத்தி எழுதினால் அதே 1.35 × 10¹¹.

இப்போது வகுத்துப் பாருங்கள். மலை முழுவதும் 1.35 × 10⁷ லாரி. நாளுக்கு 10³ லாரி என்றால் 1.35 × 10⁴ நாள். ஏறத்தாழ 37 ஆண்டு. அவ்வளவுதான்.

சமணர் மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இது கற்பனைக் கணக்கு. ஆனால் மதுரை மாவட்டத்தில் இது வெறும் கற்பனை அல்ல. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளைப் பற்றி விசாரிக்க 2014-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு லாரியும் கண்ணுக்குத் தெரியாத கழித்தல்தான். அடுக்கைப் பார்த்து வகுப்பவருக்கு மட்டுமே முடிவு முன்னதாகத் தெரியும்.

மதுரைப் பகுதிப் பாறைகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது ஏறத்தாழ 5.5 × 10⁸ ஆண்டுகளுக்கு முன். சிற்பங்களின் வயது 1.1 × 10³ ஆண்டு என்று கொள்ளலாம். வகுத்தால் 2 × 10⁻⁶. பாறையின் வயதை ஒரு நாளாகச் சுருக்குங்கள். ஒரு நாளில் 8.64 × 10⁴ விநாடி. பெருக்கினால் சிற்பி உளி எடுத்தது 0.17 விநாடிக்கு முன்பு. கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவு. அதே அளவுகோலில் 37 ஆண்டு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிடுங்கள். ஏறத்தாழ 6 × 10⁻³ விநாடி வந்தால் உங்கள் வழி சரி.

மலையிலிருந்து இறங்கித் தாமரைக்குளத்துக்கு வருவோம். 18 கிராம் நீரில் 6.02 × 10²³ மூலக்கூறுகள் இருக்கின்றன. அப்படியானால் ஒரு லிட்டர் நீரில், அதாவது 10³ கிராமில், ஏறத்தாழ 3.3 × 10²⁵. மனிதருக்குப் பதில் மூலக்கூறுகளாகக் கொண்டால், இரண்டு சூரியன்களுக்கு ஈடாக நின்ற அந்த 2⁹⁶-ஐச் சேர்க்க எத்தனை லிட்டர் வேண்டும்? வகுத்தால் 2.4 × 10³ லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் பிடிக்கும் என்றால் குளத்திலிருந்து 160 குடம் முகந்தால் போதும்.