உங்களுக்குத் தெரியுமா? வாங்கில் இருக்கக் கேட்ட உரிமை

யாழ்ப்பாணப் பாடசாலைகள் பலவற்றில் 1920களின் இறுதிவரை ‘தாழ்த்தப்பட்ட’ சாதிப் பிள்ளைகளுக்கு வாங்கில் இருக்க அனுமதி கிடையாது. இடம் தரையில்தான். பல பாடசாலைகள் சேர்க்கவே மறுத்தன. இத்தனைக்கும் அவை அரசாங்கப் பணத்தில் நடந்த பாடசாலைகள்!

இதை எதிர்த்தவர்களுள் முக்கியமானவர்கள் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ்காரர். ஹன்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கிய இயக்கம் இது. 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்ததும் இவர்களே. ‘சம ஆசனம், சம போசனம்’ என்பது அக்காலக் கோரிக்கை: ஒரே வாங்கு, ஒரே பந்தி.

உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் கட்டாயம் எனக் கல்வித் திணைக்களம் உத்தரவிட்டதும் குடாநாடு கொதித்தது. கொழும்புக்கு மனுக்கள் பறந்தன. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. படித்தவர்கள் மலிந்த ஊர் என்ற பெருமைக்கு இது மாறாத கறை.

பாடசாலையில் சேரவிடாமல் சாதியின் பேரால் தடுப்பது குற்றம் என்று சட்டம் வர 1957 ஆயிற்று. அதுவே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம். ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991இல் ஏற்றது. எந்தப் பிள்ளைக்கும் பாகுபாடு கூடாது என்கிறது அதன் 2ஆம் உறுப்புரை.

வகுப்பறையில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்டுப் படிப்பைக் கைவிட்ட யாழ்ப்பாணச் சிறுவர்களில் ஒருவர் டொமினிக் ஜீவா. பின்னாளில் ‘தண்ணீரும் கண்ணீரும்’ சிறுகதைத் தொகுப்புக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர், 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கியவர் அவர்தான்.